வீட்டுக் கட்டில்

தலையணை விஷயத்தில் எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்வார்கள், டாக்டர். வீட்டில் தலையணை எத்தனை இருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் நிறைய இருக்கு சார்" என்பார்கள். நிறைய என்றால் இரண்டு. அதில் ஒன்றின் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிப்போய் வெறும் உறையாகக் கிடக்கும். இன்னொன்று இல்லாவிட்டால் மாமனாருக்குத் தூக்கம் வராது. ஆக, நோயாளியின் தலைக்கு என்று பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. நான் எந்தக் குடும்பத்திடமும் முதலில் கேட்பது தலையணையைத்தான். அவர்கள் சிரிப்பார்கள். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறான் என்று பயந்து வந்திருப்பார்கள் அல்லவா.

நீங்கள் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைக் கூட்டி வைத்த பிறகுதான் கேட்டீர்கள். கேள்வியும் மென்மையாகவே இருந்தது. "அந்தச் சாய்மானத்தைக் கொடுக்க மறந்துட்டீங்களா?" பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டீர்கள். நான் தலையை ஆட்டினால் போதும். பாவம், சின்ன வயதில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், வேலை அதிகம், மறந்திருப்பான். மருத்துவமனை முழுக்க அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி.

ஆனால் நான் மறக்கவில்லை. இந்த வேலையில் நான் எதையும் மறந்தது கிடையாது. அதை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விசாரிப்பது தையல்காரரைப் பற்றி. அவருடைய மச்சினி புகார் கொடுத்திருக்கிறாள். மருத்துவமனை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பிய அக்காவை மாமா கவனக்குறைவால் கொன்றுவிட்டார் என்கிறாள். அவரும் ஆமாம் என்கிறார். நான்தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டேன், என்னவென்றுதான் தெரியவில்லை என்கிறார். அவர் மீது தப்பு இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

'வீட்டுக்குப் போகலாம்' என்று நீங்கள் சொல்வதற்கும் நோயாளி வீட்டில் போய்ப் படுப்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் மேல் பலகை போடுவது என் வேலை. சக்கர நாற்காலி வாசலில் நுழையுமா. மாடியா, லிஃப்ட் உண்டா. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கப்போவது யார். 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்கிறவர் ஒருவர், பார்க்கப்போகிறவர் இன்னொருவர். மூத்த மகன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். பின்னால் சுவரோரம் கைப்பையை அணைத்தபடி நிற்கும் சின்ன மருமகள்தான் செய்வாள். நான் மூத்த மகனிடம் தலையை ஆட்டிவிட்டு மருமகளுக்குக் கற்றுக்கொடுப்பேன்.

சொல்லிக்கொடுத்தால் போதாது. வார்டிலேயே அவர்கள் கையால் செய்து காட்ட வேண்டும். தலைமைச் செவிலி பக்கத்தில் நின்று பார்ப்பார். சரியாகச் செய்யாதவரை வீட்டுக்கு விடமாட்டார். அவருக்கு வார்டில் 'டீச்சர்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்வதில்லை, பெருமைதான்.

மூக்குவழிக் குழாயில் உணவு கொடுப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆள் தட்டையாக மல்லாந்து படுத்திருக்கக் கூடாது. தலையும் முதுகும் உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுக்குப் போனது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும். இருமல், பிறகு காய்ச்சல், பிறகு மூச்சுத் திணறல்.

வார்டுக் கட்டிலில் கால்மாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. சுற்றினால் தலைமாடு எழும். காலையில் ஆள் மாறும்போதே செவிலி யாராவது சுற்றி வைத்துவிட்டுப் போவார். நாள் முழுக்க அது அப்படியே நிற்கும். குடும்பத்தார் கண்ணில் அது படாது. அவர்கள் குழாயைப் பார்ப்பார்கள், சிரிஞ்சைப் பார்ப்பார்கள், காற்று உள்ளே போகிறதா என்று பயப்படுவார்கள். பிறகு அழகாகச் செய்து காட்டுவார்கள். டீச்சரும் பாஸ் போட்டுவிடுவார். வீட்டுக்குப் போனால் கட்டில் தட்டை. இங்கே அவர்கள் செய்து காட்டியதில் பாதி வேலையைக் கட்டில் செய்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

அதைக் கண்டுபிடித்தவன் நான்தான். தலையணையைக் கேட்கும் பழக்கம் அப்படி வந்தது. தலையணை போதாத வீட்டுக்கு மரத்தில் ஒரு முதுகுச் சாய்மானம் செய்து இரவலாகக் கொடுத்தனுப்பும் ஏற்பாட்டையும் நான்தான் கொண்டுவந்தேன். மேலிடத்தில் பாராட்டினார்கள். அப்போது என் மனைவி நன்றாக இருந்தாள். 'கட்டில் பாடத்தை நீங்களாவது பாஸ் பண்ணுங்க, தினமும் போர்வையை மடிக்காமப் போறீங்க' என்று கிண்டல் செய்தாள்.

அவளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்தாள். மூளைக்குள் ரத்தக்கசிவு. கண் திறந்தாள், ஆனால் பேச்சு இல்லை, விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போகும் ஏற்பாட்டை நானே செய்தேன். வேறு யார் செய்வார்கள். கட்டில், சளி உறிஞ்சும் இயந்திரம், புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, எல்லாம். பகலில் என் மாமியார் பார்த்துக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் முழுக்க நான். பிறகு ஒரு காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தாள்.

வந்தவர்களிடமெல்லாம் மாமியார் ஒன்றையேதான் சொன்னார். "என் மாப்பிள்ளை கையில குழந்தை மாதிரி இருந்தா. பெத்தவ நானே இப்படிப் பாத்திருக்க மாட்டேன். அவர் மேல ஒரு சொல் சொல்ல முடியாது."

ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை. வேலைக்குத் திரும்பியபோது இங்கே உள்ள டாக்டர்கள் புதுக் குடும்பங்களிடம் என்னைக் காட்டி, "இவர் சொல்றதை அப்படியே கேளுங்க. சொந்த சம்சாரத்தையே வீட்ல வெச்சுப் பாத்தவர்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

அப்படித்தான் தையல்காரரிடமும் என்னைக் காட்டினார்கள்.

அவருடைய மனைவிக்குப் பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது. விழுங்க முடியாது, குழாய்தான். பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம். 'அப்புறம்.' எதற்கும் அதுதான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அப்புறம், வலிக்கிறது என்றாலும் அப்புறம். தையல்காரர் அவரை 'முதலாளி' என்பார். கடையில் துணி வெட்டுவது, வாடிக்கையாளரை அதட்டுவது எல்லாம் அந்த அம்மாள்தானாம். இவர் வெறும் மிஷின் ஓட்டி என்று அவரே சொல்வார்.

முதல் நாள் நான் வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"முதலாளியைக் கேட்டுட்டுத்தான் சார் சொல்ல முடியும்" என்று கட்டில் பக்கம் திரும்பினார். "என்ன முதலாளி, வீட்டுக்குப் போலாமா?"

"அப்புறம்."

"பாத்தீங்களா. இங்க ஃபேன் நல்லா ஓடுது, கரண்டு பில் நம்ம தலையில இல்ல. கிளம்ப மனசு வருமா?"

அந்த அம்மாள் சிரித்தார். முகத்தின் பாதி மட்டும் சிரித்தது. தையல்காரர் அந்தப் பாதியைப் பார்க்கும் பக்கமாகவே எப்போதும் உட்காருவார். நான் அதைக் கவனித்தேன். என் மனைவிக்கு அந்த ஒரு சொல்கூட இருக்கவில்லை என்பதையும் நினைத்தேன். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

நான் அவரை எச்சரித்தேன், டாக்டர். அது என் கடமை. இது மாதக்கணக்கில் போகும், வருஷக்கணக்கிலும் போகலாம், உங்களுக்குக் கடை இருக்கிறது, முதுகு இருக்கிறது, தூக்கம் என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

"அதுக்கென்ன சார். கல்யாணம் ஆனதுலேருந்து அவங்க என்னைப் பாத்துக்கல? அதைவிடவா இது கஷ்டம்? டீச்சரம்மாகிட்ட வேணா கேளுங்க, நான் ஒரு வேலைக்கும் லாயக்கு இல்லாத ஆள்."

"இருந்தாலும் அலுத்துப் போகும்."

"அவங்களுக்கு என்னைப் பாத்து அலுக்காம இருந்தா சரி."

நான் அவரிடம் அலுப்பைத் தேடினேன். குழாயைக் கழுவும்போது, படுக்கைத் துணி மாற்றும்போது, மருந்தகத்தில் வரிசையில் நிற்கும்போது. எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார் என்று நம்பினேன். எல்லோரிடமும் இருக்கும். என்னிடம் இருந்தது. ஒரு நாள் அந்த அம்மாளின் இரவு உடையில் தோள் பக்கம் சின்னதாக ஒரு பை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். குழாயின் நுனி தொங்கி இழுபடாமல் இருக்க அதில் செருகிக்கொள்ளலாமாம். வார்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். டீச்சர், "மத்த பேஷண்டுக்கும் தைச்சுக் குடுங்க, உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரேன்" என்றார். "முதலாளி விட மாட்டாங்க டீச்சர், வெளி ஆர்டர் எடுத்தா திட்டுவாங்க" என்றார் இவர். "அப்புறம்" என்றார் அந்த அம்மாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று மாலைதான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன். இந்த மனிதர் நாசமாகிக்கொண்டிருக்கிறார், அது அவருக்கே தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. இப்போது சிரிக்கிறார். போகப் போகச் சிரிப்பு நின்றுவிடும். அந்த அம்மாளைப் பார்க்கும் பார்வை மாறும். அந்தப் பார்வையோடு அவர் மிச்ச வாழ்நாளைக் கழிக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே, அவர் நல்லவராக இருக்கும்போதே, இது முடிந்துவிடுவது நல்லது. வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஏற்பாடு செய்வது என் வேலை. பார்த்துக்கொள்கிறவரும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். அப்படித்தான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

கற்றுக்கொடுக்கும் நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன். கை கழுவுவது, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, உணவை வடிகட்டுவது, எவ்வளவு வேகத்தில் விடுவது, கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவுவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. புண் எங்கே வரும், எப்படித் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வார்டுக் கட்டில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தையல்காரர் ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு செய்து காட்டினார். டீச்சர் உதட்டைப் பிதுக்கி, "குறை சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

தலையணையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் அவரே கேட்டார். அதுதான் எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. டீச்சர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு கேட்டார்.

"சார், வீட்டுக் கட்டில்லயும் இதே மாதிரிதானே? வேற ஏதாவது மாத்திச் செய்யணுமா?"

"இதே மாதிரிதான்."

"இல்ல, மெத்தை, தலையணைன்னு ஏதாவது வேணும்னா சொல்லுங்க. துணி, பஞ்சு எல்லாம் கடையிலயே கிடக்கு. எந்த அளவுன்னு சொன்னா உட்கார்ந்து தைச்சுடுவேன்."

"தேவையில்லை" என்றேன்.

மனைவியிடம் திரும்பினார். "நமக்கு வேலை மிச்சம், முதலாளி."

சாய்மானம் விஷயம் இதுதான். டீச்சர் ஒன்றை அவருக்காக ஒதுக்கி, அடையாளத்துக்கு அதன் காலில் கட்டுத்துணியைச் சுற்றி என் அறை வாசலில் வைத்திருந்தார். நான் அதை எடுத்துப்போய்ச் சாமான் அறையில், நடை வண்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். ஆம்புலன்ஸ் போன பிறகு டீச்சர், "சாய்மானம் ஏத்தியாச்சா?" என்று கேட்டார். "ஏத்தியாச்சு டீச்சர்" என்றேன். கட்டுத்துணியை நான் அவிழ்க்கவில்லை. போன வாரம் வேறொரு நோயாளிக்காகத் தேடப் போனபோது அந்தத் துணியைப் பார்த்துத்தான் அவர் உங்களிடம் வந்திருக்கிறார். ஒளிப்பது என் நோக்கமாக இருந்தால் துணியை அவிழ்த்திருப்பேன். இதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரிப்பதும் என் வேலை. அவரையும் கூப்பிட்டேன்.

"எல்லாம் நல்லாப் போகுது சார். சாப்பாடு விட்டா மட்டும் கொஞ்சம் இருமுறாங்க. நம்ம சமையல் முதலாளிக்குப் பிடிக்கல போல."

பின்னால் அந்த அம்மாளின் குரல் கேட்டது. "அப்புறம்." தொடர்ந்து இருமல். ஈரமான இருமல். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"என்ன பண்ணலாம் சார்? கூட்டிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். இன்னும் கொஞ்சம் மெதுவா விடுங்க. பழகிடும்."

"சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டை எடுத்துப் பிரித்தேன். நன்றாகப் பசித்தது. நீண்ட நாளைக்குப் பிறகு பசித்தது.

பிறகு நடந்தது உங்கள் கையில் இருக்கிறது. மூச்சு முட்டி இங்கே கொண்டுவந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தும் பயன் இல்லை. இறந்த அன்று நடைபாதையில் அந்த மச்சினி எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டாள். "நீங்க பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா மாமா? வாயில்லாத ஜீவனை என்ன பண்ணீங்க? எங்க வீட்ல விடுங்க, நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே, கேட்டீங்களா?" அவர் பை தைத்த அந்த இரவு உடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் போன பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் சார் செஞ்சேன். ஒண்ணு விடாம."

"தெரியும்."

"அப்ப எங்கயோ தப்பு பண்ணிருக்கேன். எங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் தோளில் கை வைத்தேன். "நீங்க ஒரு தப்பும் பண்ணல. இது இப்படித்தான் நடக்கும். எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டாலும் நடக்கும். யாருக்கும் நடக்கும்."

அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொன்னபோது நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. சொல்லச் சொல்ல உண்மையாகிக்கொண்டே வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு பாவமும் அறியாத மனிதர். இவருக்கே நடக்கிறது என்றால் யாருக்குத்தான் நடக்காது.

நீங்கள் இப்போது குறுக்கிட்டு ஒன்று கேட்டீர்கள். "தையல்காரரை விடுவிக்கணும்னு நினைச்சேன்னு சொல்றீங்க. அவர் கேட்டாரா?" கேட்கவில்லை. ஆனால் இதையெல்லாம் யாரும் வாயால் கேட்பதில்லை, டாக்டர். நானும் கேட்டதில்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசாரிக்க வந்தது அது இல்லைதான். ஆனால் நான் மறப்பவன் இல்லை என்று சொன்னேன், அதற்கு இது தேவை.

என் மனைவிக்குத் தலையணை ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். தூக்கத்தில் அதைத் தள்ளிக் கீழே போட்டுவிடுவாள். காலையில் எழுந்தால் என் காலில்தான் தட்டுப்படும். அவள் படுக்கையில் விழுந்த பிறகு நான் தலையணைகளை அடுக்கி, சாய்மானம் வைத்து, நாள் முழுக்க அவளை நிமிர்த்தியே வைத்திருந்தேன். கழுத்து ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருக்கும். நான் ஏற்றி வைத்துக்கொண்டே இருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமியார் கடைக்குப் போயிருந்தார். வெளியே வெயில், உள்ளே ஜன்னல் திரை போட்டிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு மதியமாவது படுக்கட்டுமே என்று தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினேன். சாய்மானத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். அவள் முகம் பழைய மாதிரி ஆகிவிட்டது. நானும் தரையில் படுத்தேன்.

கண் விழித்தபோது உணவு நேரம் தாண்டியிருந்தது. உணவைச் சூடாக்கி எடுத்து வந்தேன். சிரிஞ்சைப் பொருத்தினேன். சாய்மானம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்தேன். அவளைத் தூக்க வேண்டும், அடுக்க வேண்டும், கழுத்து சரியும், மறுபடி ஏற்ற வேண்டும். நாளைக்கும். அதற்கு மறுநாளும். பார்த்துக்கொண்டே உணவை விட்டேன். பாதியில் இருமினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மீதியையும் விட்டேன்.

பிறகு தலையணைகளை அடுக்கி வைத்துவிட்டேன். மாமியார் வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. "நீங்க கொஞ்சம் படுங்க மாப்பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்திருக்கு" என்றார்.

அலுப்பு, அவ்வளவுதான். யாருக்கும் நடக்கும். இதை நான் தையல்காரரிடம் சொன்னதில்லை. ஆனால் அவருக்கு உள்ளுக்குள் தெரியும் என்று சில சமயம் தோன்றும். இல்லாவிட்டால் என்னைத் தேடி வருவாரா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வருகிறார். முதல் முறை மிச்சமிருந்த சிரிஞ்சுகளை யாருக்காவது உதவுமே என்று கொடுக்க வந்தார். நான் டீ போட்டேன். அதற்குப் பிறகு வாராவாரம். மிஷினில் உட்கார்ந்தால் கால் ஓடமாட்டேன் என்கிறதாம். கடை பூட்டியே கிடக்கிறது. வாடிக்கையாளர்கள் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப் போகிறார்கள். டீ குடித்து முடித்ததும் கேட்பார். "நிஜமாச் சொல்லுங்க சார், நான் எங்க தப்பு பண்ணேன்?" நானும் சொல்வேன், "நீங்க ஒரு தப்பும் பண்ணல." அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அடுத்த வாரமும் கேட்பார். அடுத்த வாரமும் சொல்வேன். அவருக்கு அது வேண்டியிருக்கிறது. பிறகு ஓரமாகக் கிடக்கும் என் மனைவியின் கட்டிலில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்குவார். அவர் வீட்டில் தூக்கம் வருவதில்லையாம். நான் தலைக்கடியில் தலையணை வைப்பேன், முதுகுக்கும் ஒன்று. அவர் மூச்சு சீராக வருவதைக் கேட்டுக்கொண்டே நானும் தரையில் படுப்பேன். இப்போதெல்லாம் எனக்கும் தூக்கம் வருகிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சாய்மானத்தை வேண்டுமென்றே கொடுக்கவில்லை. தலையை உயர்த்த வேண்டும் என்பதை வேண்டுமென்றே சொல்லவில்லை. இருமல் என்று சொன்னபோது அது என்னவென்று தெரிந்தே தடுக்கவில்லை. அந்த அம்மாளைக் கொன்றது நான். தையல்காரர் மீது ஒரு குறையும் இல்லை. என் மனைவியையும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் அவரைக் கூப்பிட்டு இதைச் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் தொழில்முறையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே அவருக்கு யார் துணை என்று முதலில் பார்க்க வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சினி வாசல் மிதிக்க மாட்டாள். கடையும் இல்லை. வாரத்தில் ஒரு மதியம்தான் அவர் சாய்ந்து தூங்குகிறார், அதுவும் என் வீட்டில். அதையும் பிடுங்கிவிட்டு அவரை எந்த ஏற்பாட்டில் விடப்போகிறீர்கள்? தண்டனையை எனக்குக் கொடுங்கள். அவர் மீது தப்பு இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள், காரணம் வேண்டாம். என்னை எங்கே வைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களை விடுவார்கள் அல்லவா. அவர் வருவார். வந்து கேட்பார். நான் சொல்வேன்.

இது முழுக்க அவருடைய நன்மைக்காகத்தான் கேட்கிறேன், டாக்டர். நாளைக்கு ஞாயிறு. தலையணை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.